முதல் இரவின் வலியும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும்

குமணன்சாவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்திலிருந்து மணிக்கட்டு முறிந்து வருவோரில் பலர் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவர்களே. தகடு பொருத்தும் அறுவை சிகிச்சையின்போது, காறை எலும்பின் மேற்புறம், கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்துகிறோம். அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்தபடியே ஊசி செல்கிறது. கை முழுவதும் மரத்துவிடும்.

பியூபிவகெய்ன் போன்ற மருந்தால் உண்டாகும் மரப்பு ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரம் நீடிக்கும். முற்பகலில் அறுவை முடிந்தவருக்கு இரவு உறங்கும் வேளையில் அது விலகும். அப்போது வலி படிப்படியாக வருவதில்லை. அடைத்து வைத்த வெள்ளம்போல் ஒரேயடியாக வருகிறது. அந்த இரவைக் கடத்தவே டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைச் சேர்க்கிறோம்.

"ஸ்டீராய்டா? உடம்பு ஊதிவிடுமே, டாக்டர்!" என்று கேட்காத குடும்பத்தார் குறைவு. அச்சம் நியாயமானதே. ஆயினும் முகம் ஊதுவதும் எலும்பு மெலிவதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உட்கொள்வதால் நேர்பவை. கொரோனா காலத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு இதே மருந்து நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாள் வரை தரப்பட்டது. இங்கு நாம் பேசுவதோ 4 முதல் 8 மில்லிகிராம், ஒரே ஒரு முறை.

இதனை மரப்பு மருந்துடன் கலந்து நரம்பருகே செலுத்தலாம். இரத்தக் குழாய் வழியாகவும் செலுத்தலாம். 2017-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 35 ஆய்வுகளில் பங்கேற்ற 2,702 பேரின் முடிவுகளை ஆராய்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கை, தோள் அறுவை செய்துகொண்டவர்கள். நரம்பருகே செலுத்தியபோது மரப்பு ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரமும், இரத்தக் குழாயில் செலுத்தியபோது ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேலும் நீண்டது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, நரம்பருகே செலுத்துவது ஏறத்தாழ 3 மணி நேரம் கூடுதலாகப் பயன் தந்தது. எனினும் நரம்பருகே செலுத்துவதற்கென இம்மருந்து உரிமம் பெறவில்லை. ஆகவே அந்த 3 மணி நேரத்திற்காக அவ்வழியை நாடாமல், பெரும்பாலும் இரத்தக் குழாய் வழியையே நாங்கள் தேர்கிறோம். (விழித்திருப்பவருக்கு வேகமாகச் செலுத்தினால் இடுப்புக்குக் கீழே சில நொடிகள் சுருக்கென்று அரிக்கும், அதனால் மெதுவாகவே செலுத்துவோம்.)

எவ்வழியில் கொடுத்தாலும் இரத்தச் சர்க்கரை அன்றும் மறுநாளும் உயரக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே சொல்லுங்கள். இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ளலாம். கட்டுப்பாடின்றி இருந்தால் ஸ்டீராய்டையே தவிர்த்துவிடுவோம். "கொஞ்சம்தான் இருக்கிறது" என்று மறைப்பதே எங்களுக்குப் பெருஞ்சங்கடம்.

மரப்பு நீண்டால் காவலும் நீள வேண்டும். சூடான பாத்திரம் பட்டாலும் மரத்த கைக்குத் தெரியாது. தூளியில் தாங்கியே வைத்திருங்கள். வலி மாத்திரையை, வலி வரட்டும் என்று காத்திராமல், விரல்நுனியில் குறுகுறுப்புத் தொடங்கியதுமே கொடுங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, கட்டினுள் இறுக்கம் கூடினாலோ, இரண்டாம் நாள் காலையிலும் விரல்கள் அசையாவிட்டாலோ உடனே அழைத்து வாருங்கள்.