சொட்டு நீர்ப் பாசனத் தானியங்கியில் ‘ஒன் ஷாட்’ கட்டளை



சொட்டு நீர்ப் பாசனத்தில் நீரையும் உரக் கரைசலையும் அளந்து விடுவதற்குப் பி.எல்.சி. என்னும் தானியங்கிக் கருவி பயன்படுகிறது. இதற்குரிய கட்டளைகள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுவதால் இதனை ஏணி முறை என்பர். இதில் ‘ஒன் ஷாட்’ என்ற சிறு கட்டளை விடுபட்டால் பயிர் வாட நேரிடும்.

கருவி இயங்கும் முறை

பி.எல்.சி. முதலில் மீட்டர், பொத்தான் ஆகியவற்றின் நிலையைப் பார்க்கிறது. அடுத்து ஏணிப்படிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. பின்னர் வால்வுக்கும் மோட்டாருக்கும் ஆணையிடுகிறது. உடனே மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி எனக் கொண்டால் ஒரு விநாடியில் 100 சுற்றுகள் முடியும்.

தவறு எவ்வாறு நேருகிறது?

ஒரு வயலுக்கு 5000 லிட்டர் நீர் தேவை என வைத்துக்கொள்வோம். மீட்டர் 100 லிட்டருக்கு ஒரு முறை தன் மின் இணைப்பை மூடித் திறக்கிறது. ‘இணைப்பு மூடியிருந்தால் 100 கூட்டுக’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், இணைப்பு அரை விநாடி மூடியிருப்பதற்குள் 50 சுற்றுகள் ஓடிவிடும். கணக்கில் 5000 ஏறிவிடும், வால்வும் அடைபடும். ஆனால், வயலுக்குப் பாய்ந்தது 100 லிட்டர்தான்!

ஒன் ஷாட் செய்வது என்ன?

களத்தில் மூட்டை எண்ணுபவர், மூட்டை வாசலைத் தாண்டும்போது ‘ஒன்று’ என்பார். அது வண்டியருகே கிடக்கும் நேரமெல்லாம் எண்ணிக்கொண்டிரார். ஒன் ஷாட்டும் இவ்வாறே. சென்ற சுற்றில் திறந்திருந்த இணைப்பு இந்தச் சுற்றில் மூடியிருந்தால் மட்டும், ஒரே ஒரு சுற்றுக்கு அனுமதி தரும். இணைப்பு திறந்து மீண்டும் மூடும்போதே அடுத்த 100 கூடும்.

கவனிக்க வேண்டியவை

1. இக்கட்டளையின் பெயர் கருவிக்குக் கருவி மாறும். ஓ.எஸ்.ஆர்., பி.எல்.எஸ்., ஆர்-டிரிக் என்பன இதனையே குறிக்கும்.

2. ஒவ்வொரு ஒன் ஷாட்டுக்கும் தனி நினைவிடம் ஒதுக்க வேண்டும். இரண்டு மீட்டர்களுக்கு ஒரே நினைவிடத்தைக் கொடுத்தால் கணக்குக் குழம்பும்.

3. மீட்டரின் இணைப்பு முனை அதிர்ந்து பலமுறை மூடித் திறந்தால், ஒன் ஷாட் ஒவ்வொன்றையும் எண்ணிவிடும். இணைப்பு சிறிது நேரம் நிலைத்திருக்கிறதா என்று பார்க்கும் டைமரை அதற்கு முன்னால் அமைக்க வேண்டும்.

4. கவுன்டர் கட்டளை பொதுவாக இணைப்பு மூடும் கணத்தை மட்டுமே எண்ணும். கூட்டல் கட்டளைக்குத்தான் ஒன் ஷாட் அவசியம்.

கருவியைப் பொருத்தியவுடன், மீட்டர் முகப்பில் 1000 லிட்டர் ஓடும்வரை நீர் விட்டுப் பாருங்கள். பெட்டியின் கணக்கும் 1000 லிட்டர் கூடியிருக்க வேண்டும். 100 லிட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், ஏணிக் கட்டளையைத் திருத்தச் செய்த பின்னரே உரக் கரைசலை விடுங்கள்.