மின்சாரச் சிக்கனமும் குடும்பக் கணக்கும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது முதுமொழி. சங்கத்துப் பேரேட்டில் ஒரு ரூபாய் வேறுபட்டாலும் பொதுக்குழுவில் எழுந்து வினவும் அங்கத்தினர் பலர், தம் வீட்டுச் சுவரில் உள்ள மின்சார மீட்டரை நிமிர்ந்து நோக்குவதில்லை. அக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. யூனிட் என்பது யாது?

ஒரு கருவியின் வாட் அளவை அது ஓடும் மணிகளால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் வருவது யூனிட். ஆகவே, செலவை நிர்ணயிப்பவை இரண்டு: கருவியின் வாட், அது ஓடும் நேரம். நம்மவர் முன்னதற்கு அஞ்சுகின்றனர், பின்னதை மறந்துவிடுகின்றனர்.

1000 வாட் இஸ்திரிப் பெட்டியை நாள்தோறும் கால் மணி நேரம் உபயோகித்தால் 60 நாட்களில் 15 யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் அதே காலத்தில் 54 யூனிட் ஆகும். இஸ்திரிப் பெட்டியைக் கண்டிக்கும் குடும்பத் தலைவர், ஆளில்லாத கூடத்தில் சுழலும் விசிறியைக் கண்டிப்பதில்லை.

2. பத்து யூனிட்டின் விலை

2023ஆம் ஆண்டில், மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் இரண்டு கட்டண விவரங்களை என்னிடம் காட்டி, "ஐயா, பத்து யூனிட்தான் கூடிற்று, முந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டதே, பிழையா?" என்று வினவினார். பிழை இல்லை.

தமிழ்நாட்டில் 10-9-2022 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண முறையில், இரண்டு திங்களுக்கு 500 யூனிட் வரை செலவிட்டவருக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய் என அப்போது இருந்தது. மொத்தம் 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 2.25 ரூபாய் விகிதம் நீங்கி, 101 முதல் 400 வரை 4.50 ஆயிற்று, 501 முதல் 600 வரை யூனிட் 8 ரூபாயாக இருந்தது. எனவே 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். கூடிய பத்து யூனிட்டுக்கு அவர் கொடுத்தது 305 ரூபாய்.

கட்டண விகிதங்கள் காலந்தோறும் மாறும். அவ்வப்போதைய விகிதத்தைக் கேட்டறிதல் வேண்டும். கைத்தறியாளருக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் சலுகைக்கும் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டிய பின் அளப்பதில் பயனில்லை.

3. மிச்சம் எங்கே இருக்கிறது?

இரண்டு திங்களுக்கு 600 யூனிட் செலவாகும் வீடு ஒன்றைக் கொள்வோம்.

விசிறி: 75 வாட் விசிறிகள் மூன்று, 12 மணி நேரம் ஓடினால் 162 யூனிட். கடைகளில் பி.எல்.டி.சி. என வழங்கும் 30 வாட் விசிறிகளாயின் 65 யூனிட். மிச்சம் 97.

விளக்கு: சோக்குடன் 50 வாட் இழுக்கும் பழைய குழல் விளக்குகள் நான்கு, 6 மணி நேரம் எரிந்தால் 72 யூனிட். 20 வாட் எல்.இ.டி. குழலாயின் 29. மிச்சம் 43.

ஆக 140 யூனிட் குறைந்து, 600 என்பது 460 ஆகிறது. மேற்கூறிய விகிதப்படி 2,750 ரூபாய் 1,485 ஆகும். மிச்சம் 1,265 ரூபாய்.

எல்லாவற்றையும் ஒருசேர மாற்ற வேண்டுவதில்லை. எது நெடுநேரம் ஓடுகிறதோ அதை முதலில் மாற்றுக. அறையில் எப்போதோ எரியும் விளக்கினும், தறிக்கு மேல் நாள் முழுதும் எரியும் விளக்கே முதல் இடம் பெறத்தக்கது.

4. கூரையைக் கவனித்தல்

விசிறி ஓடுவது வெப்பத்தால். வெப்பம் இறங்குவது கூரையால். பங்குனி வெயிலுக்கு முன்னரே மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும் பகுதி திருப்பி அனுப்பப்படும். தகரக் கூரையாயின் தென்னங்கீற்று வேயலாம். தறிக்கூடத்துக்கு வடக்குச் சன்னல் நன்று. கண் கூசாத வெளிச்சம் கிடைப்பதால் பகலில் விளக்கு வேண்டாம்.

5. சங்கம் செய்யத்தக்கவை

தனித்தனியே சில்லறை விலைக்கு வாங்குவதினும், தேவைப்பட்டியல் திரட்டிச் சங்கத்தின் வழியே விலைப்புள்ளி கோரி வாங்குவது லாபகரம். 1-1-2023 முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முத்திரையைப் பார்த்தே வாங்குக. செருகினால் கட்டணம் பாதியாகும் என்று சந்தையில் கூவி விற்கும் சிறு பெட்டிகளை வாங்கற்க. வீட்டு மீட்டர் கணக்கிடுவது கருவிகள் உண்மையில் செலவிடும் மின்சாரத்தை. அப்பெட்டி அதனைக் குறைப்பதில்லை.

அங்கத்தினர் செய்துபார்க்க:

(1) காலை ஆறு மணிக்கு மீட்டரைக் குறித்து, மறுநாள் அதே நேரம் மீண்டும் குறிக்க. வேறுபாட்டை 60-ஆல் பெருக்கினால் வருவது யாது? அது 500-க்கு உட்பட்டதா?

(2) உம் வீட்டில் நெடுநேரம் ஓடும் கருவி எது? அதனை மாற்றினால், கொடுத்த விலை எத்தனை திங்களில் திரும்பும்?

விடைகளை அடுத்த அங்கத்தினர் கூட்டத்துக்கு எழுதிக் கொணர்க. அவற்றைக் கொண்டே சங்கத்தின் தேவைப்பட்டியலைத் தொடங்கலாம்.