அலை அடிக்காத இடத்தில் இறங்காதீர்கள்

நாகூருக்கு வருகிறவர்கள் தர்காவில் ஜியாரத் முடித்து, அப்படியே சில்லடிக் கடற்கரைக்கு நடந்து கால் நனைப்பது காலங்காலமாக உள்ள வழக்கம். நனைக்கட்டும். ஆனால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் சொல்லும் ஒரு யோசனையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது: “அலை அடிக்காத இடமாப் பாத்து எறங்குங்க, அங்க பயமில்ல.”

தவறு. கடலோர நிலவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முழுத் தவறு. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே பள்ளம் எங்கே இருக்கிறதோ, அந்த வழியாக அது திரண்டு பாயும். பள்ளத்தில் ஆழம் அதிகம். அதனால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை புரள, நடுவில் ஒரு பட்டை மட்டும் கலங்கலாக, சலனமில்லாமல் தெரியும். உற்றுப் பாருங்கள், நுரைத் துணுக்குகள் அதில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஆளை இழுப்பது அந்தப் பட்டைதான். வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தொடும். ஒலிம்பிக் வீரரே அதை எதிர்த்து அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. போதாததற்கு வெட்டாறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் நாகூரில்தான். கடல் வற்றும் நேரத்தில் அங்கே இழுப்பு இன்னும் கூடும்.

“சுழல் காலைப் பிடித்து அடியில் இழுக்கும்” என்பதும் பொய். நீரோட்டம் ஆளை மேலாகவே வெளியே கொண்டுபோகிறது. கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி நுரை அடிக்கும் பகுதிக்கு வந்துவிட்டால் அலையே கரைப்பக்கம் தள்ளும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள்.

புயல் இல்லாவிட்டால் கடல் சாது என்பார்கள். 2024 மே 6 அன்று, புயல் எதுவும் இல்லாத நாளில், குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். தொலைதூரப் பெருங்கடலில் கிளம்பி வரும் ‘கள்ளக்கடல்’ என்னும் பேரலைகள் பற்றி ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. சாப்பிட்டுவிட்டுக் குளித்தால் மூழ்குவார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. குடித்துவிட்டு இறங்கினால் மூழ்குவார்கள் என்பதற்கு ஏராளம்.

ஆறும் வாய்க்காலும் குளமுமாய்க் கிடக்கும் டெல்டாவில் பிள்ளைகள் நீச்சல் தெரியாமல் வளர்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் உங்கள் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். சில்லடிக்குப் போனால், இறங்குவதற்கு முன் கரையில் வலை பிரிக்கும் மீனவரிடம் இழுப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.