செவி தந்த மூச்சு

உங்கள் காதின் மேற்பகுதியை விரலால் மடித்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய வடிவத்தை அடைகிறதல்லவா? தோலின் கீழுள்ள கசியிழையமே அதற்குக் காரணம். அது என்பைப்போல் விறைப்பதுமில்லை, தசையைப்போல் தொய்வதுமில்லை.

இனிக் கழுத்தின் முன்புறத்தை மெல்லத் தடவுங்கள். குரல்வளையின் கீழே வளைய வளையமாகத் தட்டுப்படுவது வாதனாளி, அதாவது மூச்சுக்குழாய். பின்புறம் திறந்த 16 முதல் 20 வரையான கசியிழைய வளையங்கள் அது ஒடுங்காமற் காக்கின்றன.

குறைமாதக் குழந்தைகளுக்குச் செயற்கைச் சுவாசத்திற்காக நெடுநாள் குழாய் செலுத்த நேரிடும்போது, சிலருக்குக் குரல்நாண்களுக்குக் கீழே தழும்பு உண்டாகி வழி ஒடுங்கிவிடுகிறது. அவர்கள் கழுத்தில் இட்ட துளையூடாக மூச்சு விடுவர். காற்றுக் குரல்நாண்களை அடையாமல் வெளியேறுவதால், பெரும்பாலும் அழுகைக்கும் ஒலி இராது. அருகிருக்கும் தாயும் அதனைக் கேளாள்.

அவ்வழியைச் சத்திரசிகிச்சையாற் பிளந்து, கசியிழையத் துண்டொன்றைப் பொருத்தி அகலமாக்கலாம். அத்துண்டு பெரும்பாலும் விலாவிலிருந்தும், சிறிய குறைகளுக்குச் சிலவேளை செவியிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

வெட்டியெடுத்த துண்டு எவ்வாறு உயிர்வாழும்? கசியிழையத்துள் குருதிக்கலன்கள் இல்லை; அதனைப் போர்த்திய மெல்லிய உறையின் வழியாகவே ஊட்டம் ஊறுகிறது. துண்டு பெரிதாயின் அது போதாது. அப்போது குருதிக்கலன் அறாதவாறு, ஒருபுறம் உடலோடு பிணைந்திருக்கும் இழையத்தையே திருப்பிப் பொருத்துவர். இதுவே இழையமடல். கன்னத்துத் தோலை இவ்வாறு திருப்பிக் காதைச் சீராக்கும் முறை பண்டைய சுசுருத சங்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது.

2011 இல் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் நோயாளி ஒருவருக்குப் பிளாஸ்ரிக் மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டது. உலகம் வியந்தது. ஆனால் உயிரற்ற அக்குழாய் உடலோடு ஒன்றவில்லை. 2014 இல் அவர் இறந்தார். பெல்ஜியத்தின் லூவன் நகர வைத்தியர்களோ, இறந்த ஒருவரின் மூச்சுக்குழாயை நோயாளியின் முன்கையினுள் பல மாதங்கள் வைத்து, குருதியோட்டம் ஏற்பட்ட பின்னரே கழுத்துக்கு மாற்றினர். 2010 இல் அம்முயற்சியின் வெற்றியை வெளியிட்டனர்.

பொருத்துவது கைத்திறன், வாழவைப்பது குருதி. இடம் மாறும் எதற்கும் ஊட்டம் அறாதிருத்தல் வேண்டும்.

பயிற்சி:
1. மூச்சுக்குழாயின் படம் வரைந்து பகுதிகளைத் தமிழிற் பெயரிடுக.
2. வெட்டியெடுத்த துண்டுக்கும் இழையமடலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்குக.