நீர்ச்செடிகளும் ஏரித் தூய்மையும்

பெங்களூர் ஜீவனஹள்ளிப் பகுதியில் வாழ்வோர்க்கு அண்மையிலுள்ள அல்சூர் ஏரி நன்கு பழக்கமானது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வேரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்து மிதந்தன. சாக்கடை நீர் சேரும் ஏரிகளில் இத்தகைய கேடு நேர்வது ஏன்?

மனிதக் கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் வயலில் பயிருக்கு உரமாவதுபோல், ஏரியில் பாசிக்கு உரமாகின்றன. அளவுமீறிச் செழித்த பாசி மடிந்து அழுகுங்கால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிட்டுவிடுகின்றன. சாக்கடையின் அழுக்கும் அவ்வாறே பிராணவாயுவைக் குறைக்கின்றது. மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன.

அவ்வுரத்தை வேறு செடிகளைக் கொண்டு கவர்ந்துகொள்ளலாகாதா? இயலும். சம்பங்கோரையும், ஆகாயத்தாமரை என மக்கள் வழங்கும் வெங்காயத்தாமரையும் இதில் வல்லவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை, உரமிக்க வெப்பநீரில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பெருகும். இச்செடிகளின் வேர்களில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனில் ஒரு பகுதியை வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன.

ஆனால் பாஸ்பரஸ் அவ்வாறு வாயுவாகி வெளியேறுவதில்லை. செடி அதனை அழிப்பதுமில்லை. தன் உடலில் சேமித்து வைக்கின்றது. செடி ஏரியிலேயே மடிந்தால், சேமித்ததனைத்தும் மீண்டும் நீரையே சேரும். ஆகவே, ஏரியைத் தூய்மை செய்வது செடி நடுவது மட்டுமன்று. வளர்ந்த செடியை அழுகுமுன் அறுத்துக் கரையேற்றுவதேயாகும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் பச்சை வெங்காயத்தாமரையில் ஏறக்குறைய 950 கிலோகிராம் வெறும் நீரே. எஞ்சிய 50 கிலோகிராம் உலர்பொருளில் பாஸ்பரஸ் 0.4 சதவீதம் எனக் கொண்டால், நாம் அகற்றுவது 200 கிராம் ஆகும். ஒருவருடைய ஒரு நாள் கழிவில் சுமார் 2 கிராம் பாஸ்பரஸ் உண்டு எனில், ஒரு டன் செடியை அறுத்தெடுப்பது நூறு பேருடைய ஒரு நாள் கழிவுக்கே ஈடாகும். பெருநகரின் சாக்கடை முழுவதையும் செடிகளிடம் ஒப்படைக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

எனவே, செடிகளுக்கு உரிய இடம் இறுதிப் படியாகும். வட பெங்களூரிலுள்ள ஜக்கூர் ஏரி இதற்கு நல்ல சான்று. அங்கு நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுடன் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. நிலையத்திலிருந்து வெளிவரும் நீர், சம்பங்கோரை முதலியன வளரும் சதுப்பு நிலத்தின் வழியே மெல்லச் சென்று, பின்னரே ஏரியை அடையுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. நிலையம் பெரும் அழுக்கை நீக்க, எஞ்சிய உரத்தைச் செடிகள் கவர்கின்றன.

அறுத்த செடியை எருவாக்கலாம். எனினும் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரில் வளர்ந்த செடி ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சியிருக்கக்கூடும். ஆதலின், சோதித்தறியாமல் அதனை வயலிலிடுவது தகாது.

சாக்கடையை முதலில் சுத்திகரித்தல், பின்னர்ச் செடி வளர்த்தல், உரிய காலத்தில் அறுத்தகற்றல் ஆகிய மூன்றும் தொடர்ந்து நடைபெற்றாலன்றி ஏரி தெளிவடையாது. பச்சைப் போர்வை போர்த்த ஏரியைக் கண்டு, அது தூய்மையடைந்துவிட்டதென எண்ணி நாம் ஏமாறலாகாது.