தரங்கம்பாடியில் ஒரு கோட்டையும் ஒரு பாடசாலையும்

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் வாப்பா, உம்மாவுடன் நாகூர் சென்றிருந்தேன். அங்கிருந்து காரைக்கால் வழியாக வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் தரங்கம்பாடி. உயர்தரத்தில் வரலாறு கற்கும் எனக்காகவே வாப்பா அங்கு கூட்டிச் சென்றார்.

கடலோரத்தில் டேனிஷ்காரரின் கோட்டை நிற்கிறது. 1620இல் அவர்கள் முதலில் நாடி வந்தது நமது இலங்கையைத்தான். கண்டி மன்னன் செனரத்துடன் பேசித் திருகோணமலையில் காலூன்ற முயன்றார்கள். அது கைகூடவில்லை. அவ்வாண்டே தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் குடியேறினார்கள். அருகே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

1706இல் இவ்வூருக்கு வந்தவர் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க். சிறுபிள்ளைகளோடு மணலில் அமர்ந்து, விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1707இல் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கினார். பின்னர் அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஆனால் 1708இல் டேனிஷ் ஆளுநரே அவரைப் பிடித்து இதே கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அடைத்து வைத்தார். கோட்டைச் சுவரருகே நின்றபோது என்னைச் சிந்திக்க வைத்தது இதுதான்.

திருச்சபையினர் நடத்தும் ஒரு பாடசாலைக்கும் சென்றோம். “எங்க பள்ளி புடிச்சிருக்கா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நமக்குப் பள்ளி என்றால் தொழும் இடம். அவர்களுக்கு அது படிக்கும் இடம். அவ்வகுப்பில் இந்து, கிறிஸ்தவ மாணவியருடன் முக்காடிட்ட நம் சகோதரிகளும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள்.

1845இல் டேனிஷ்காரர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்று அருங்காட்சியகம். பெண் பிள்ளைகளின் படிப்போ இன்னும் நடக்கிறது.

நம் நாட்டில் அறிஞர் சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்களுக்குப் பாடசாலை தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் அன்று அநேகர். அந்தக் கேள்வி இன்றும் சில வீடுகளில் கேட்கிறது. உயர்தரத்தோடு மகளின் படிப்பை நிறுத்த எண்ணும் பெற்றோரே, சற்று யோசியுங்கள். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீடு ஒருநாள் பழுதாகும். அவள் கற்ற கல்வி அவள் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.