அம்மா வழி மட்டும் இல்லை... அப்பா வழியையும் கேளுங்க!

‘‘அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்துச்சு. எனக்கும் வந்துடுமா டாக்டர்?’’

பெண்கள் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. முதலில் ஓர் ஆறுதல்! நூறு பேருக்குப் புற்றுநோய் வந்தால், அதில் சுமார் 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரையாக வந்த ஜீன் கோளாறு காரணம்.

ஜீனுக்கு என்ன வேலை?

நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அவ்வப்போது அறுந்துபோகும். கிழிந்த துணியைத் தைப்பது மாதிரி அதைச் சரிசெய்ய உதவுகிற ஜீன்கள்தான் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2. முதலாவது 1994-லும், அடுத்தது 1995-லும் கண்டறியப்பட்டன. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால், நூறு பெண்களில் 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரலாம். சினைப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடும்.

அப்பாவிடமிருந்தும் வருமா?

வரும். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பழுதான ஜீன் அப்பாவிடம் இருந்தாலும், அம்மாவிடம் இருந்தாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா ஆரோக்கியமாகவே இருப்பார். அத்தைக்கோ பாட்டிக்கோ நோய் வந்திருக்கும்!

யாருக்கு டெஸ்ட் தேவை?

* 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்
* எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய்
* ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்
* ஒரே வழி உறவில் பலருக்கு இந்த நோய்கள்

குடும்பத்தில் இப்படி இருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ரத்தம் அல்லது உமிழ்நீர் போதும். முடிந்தவரை, நோய் வந்தவருக்கே முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டும். அவரிடம் பழுது தெரிந்தால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பழுது உங்களிடம் இல்லையென்றால், பெரும்பாலும் மற்ற பெண்களுக்குள்ள அளவு ஆபத்துதான் உங்களுக்கும்.

பழுது இருந்தால்?

பயந்து உட்கார வேண்டாம். ஜீன் பழுது என்பது நோய் அல்ல, முன்னெச்சரிக்கை. பொதுவாக 25 வயதிலிருந்து வருடாவருடம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டும் நம்பகமான டெஸ்ட் இல்லை. அதனால் குழந்தை பெற்று முடித்த பிறகு, 35 - 45 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவதுண்டு. எந்த வயதில் என்பதை, பழுது எந்த ஜீனில் என்பதை வைத்து டாக்டர் சொல்வார்.

மறைக்காதீங்க!

‘வெளியே தெரிஞ்சா பெண்ணுக்கு வரன் அமையாது’ என்று அத்தையின் நோயை ‘ஏதோ கட்டி’ என்று மழுப்பிவிடுகிற வீடுகள் உண்டு. அந்த ஒரு வார்த்தை மறைந்துபோனால், டாக்டருக்குத் துப்பே கிடைக்காது. அடுத்த முறை சொந்தபந்தங்கள் கூடும்போது, பெரியவர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று இரண்டு வழியிலும் மூன்று தலைமுறைக்குக் குறித்து வையுங்கள். நகையோடு சேர்த்து மகளுக்குக் கொடுக்க வேண்டிய சீதனம் அது!